பெனலுக்கு 25 வருடம், இன்வேர்ட்டருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் மொட்டைமாடிகளில் சோலார் பெனல்கள் பெருகிவருவது நல்ல விடயம். ஆனால் '25 வருடத்துக்குக் கவலையில்லை' என்று விற்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். அந்த 25 வருடம் பெனலுக்கு மட்டும். அதன் உற்பத்தி வருடத்துக்கு அரை வீதமளவில் குறையும். 25 வருடம் கழிந்தும் பெரும்பாலும் 80 வீதத்துக்கு மேல் மின்சாரம் தரும். சரி, பெனலின் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கு ஏற்றதாக மாற்றித்தரும் இன்வேர்ட்டர்? அதைப் பொதுவாக 10 முதல் 15 வருடங்களில் மாற்ற வேண்டிவரும். இந்தச் செலவு தெரியாமலே வங்கிக் கடன் எடுக்கும் குடும்பங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கடலோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. உப்புக்காற்று பெனலின் கண்ணாடியை விட்டுவிடும். அதைத் தாங்கும் சட்டங்களையும் ஆணிகளையும் வயர் இணைப்புகளையும்தான் அரிக்கும். உப்பு அரிப்புக்குச் சோதித்த பெனலா, துருப்பிடிக்காத ஆணிகளா என்று கேட்டே வாங்க வேண்டும். அப்புறம், காக எச்சம். அதை மழை முழுதாகக் கழுவிவிடாது.

பெனல், இன்வேர்ட்டர், பற்றரி ஒவ்வொன்றுக்கும் உத்தரவாதம் எத்தனை வருடம் என்று விற்பவர் தனித்தனியாக எழுதித்தருவதைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை கட்டாயமாக்க வேண்டும்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06