இலவச உணவு ஃபோர்மை நிரப்பிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிராமர் பாடசாலை நுழைவுத் தேர்வு, ரியூசன் பற்றியெல்லாம் உங்கள் பத்திரிகையில் நிறைய வருகிறது. வரட்டும். நான் கிழக்கு லண்டனில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் வகுப்பு உதவியாளராக வேலை செய்கிறேன். எங்கள் பெற்றோர் தடுமாறுவது பெரும்பாலும் பாடசாலைக் கடிதங்களில் வரும் சாதாரண விஷயங்களில்தான்.

முக்கியமானது பியூப்பில் பிரீமியம், அதாவது குறைந்த வருமானக் குடும்பப் பிள்ளைகளுக்காக அரசாங்கம் பாடசாலைக்குத் தரும் மேலதிகப் பணம். 2023 செப்டம்பரிலிருந்து மேயரின் திட்டத்தால் லண்டன் அரச ஆரம்பப் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு இலவசம். அதனால், "சாப்பாடு எல்லாருக்கும் ஃப்ரீ தானே, பிறகென்னத்துக்கு ஃபோர்ம்?" என்று கேட்டு, இலவச உணவு விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். குறைந்த வருமானமுள்ள குடும்பம் அதை நிரப்பினால்தான் அரசாங்கம் பாடசாலைக்கு அந்தப் பிள்ளையின் பெயரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500 பவுண்ட் தரும். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாக இருத்திச் சொல்லிக் கொடுப்பதற்கும், சுற்றுலாக் காசைக் குறைப்பதற்கும் அந்தப் பணம்தான் உதவுகிறது. ஒருமுறை தகுதி பெற்றால், பிறகு வருமானம் கூடினாலும் ஆறு ஆண்டுகளுக்குப் பாடசாலைக்குப் பணம் வரும். பெற்றோரின் பிறந்த திகதியும் நஷனல் இன்ஷூரன்ஸ் இலக்கமும்தான் முக்கியமாகக் கேட்பார்கள். "நாங்கள் அவ்வளவு இல்லாத ஆக்கள் இல்லை" என்று ஓர் அம்மா என்னிடம் சொன்னார். கௌரவம் சரி, நட்டம் பிள்ளைக்கல்லவா?

அடுத்தது எஸ்.இ.என். சப்போர்ட், அதாவது சிறப்புக் கல்வித் தேவையுள்ள பிள்ளைகளுக்கான உதவி. "என்ரை பிள்ளைக்கு விசர் என்றே சொல்லுறியள்?" என்று ஒரு தகப்பன் ரீச்சரோடு சண்டைக்கு வந்துவிட்டார். அது அதே வகுப்பில் இருந்தபடி கிடைக்கும் கூடுதல் உதவி, அவ்வளவுதான். வேறு பாடசாலைக்கு அனுப்பும் ஏற்பாடல்ல. வீட்டில் தமிழ் பேசுவதால் ஆங்கிலம் தாமதமாக வருகிற பிள்ளை இந்தக் கணக்கில் வராது, அதற்கு ஈ.ஏ.எல். (ஆங்கிலம் கூடுதல் மொழி) என்று வேறு பெயர் உண்டு. வகுப்பில் தரும் உதவி போதாதென்றால், ஈ.எச்.சி.பி. என்ற கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்துக்காகப் பிள்ளையை மதிப்பீடு செய்யும்படி பெற்றோரே நேரடியாகக் கவுன்சிலுக்கு எழுதலாம். பாடசாலை கேட்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மதிப்பீடு செய்வார்களா இல்லையா என்று ஆறு வாரத்துக்குள் கவுன்சில் பதில் சொல்ல வேண்டும்.

அப்புறம், பாடசாலை நாட்களில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊர்க் கலியாணத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வரவுப் பதிவில் ஒரு செஷன் என்றால் அரை நாள். அனுமதி இல்லாமல் பத்து வாரத்துக்குள் பத்து செஷன், அதாவது ஐந்து பாடசாலை நாள் தவறினால் அபராதம் வரலாம். 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண்ட், அதற்குப் பிறகு 160. அதுவும் ஒவ்வொரு பிள்ளைக்கும், தாய்க்கும் தகப்பனுக்கும் தனித்தனியாக. இரண்டு பிள்ளைகள் என்றால் உடனே கட்டினாலும் 320 பவுண்ட்.

பியூப்பில் பிரீமியத்துக்கான பிள்ளைகளை அக்டோபர் கணக்கெடுப்பில்தான் எண்ணுகிறார்கள். ஆகவே செப்டம்பர் முதல் வாரத்திலேயே இந்த ஃபோர்ம் பற்றி, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ரியூசன் விளம்பரங்களுக்குப் பக்கத்தில், ஒரு கட்டம் போட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வகுப்பு உதவியாளர், ஈஸ்ட் ஹாம்