மீனாவுக்கு, கேமரா விஷயமாக

அன்புள்ள மீனா,

ரொம்ப நாள் கழித்து உன்னிடமிருந்து இரண்டு வரி. "பித்தளை லென்ஸுக்கு எந்தக் கேமரா வாங்கட்டும்? மற்றபடி எல்லாம் நலம்." இரண்டாவது வரியைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. முதல் வரிக்கு மட்டும் பதில்.

மடக்கும் மர ஃபீல்ட் கேமரா வேண்டாம். பார்க்க அழகு, தூக்க லேசு, அவ்வளவுதான். லென்ஸைத் தாங்கும் அந்த முன்சட்டம் கனத்த பித்தளைக்குச் செய்ததில்லை. நம் பெட்ஸ்வால், அந்தப் பழைய பித்தளை லென்ஸ், ஃபிளாஞ்சோடு, அதாவது அதை முடுக்கும் மரை வளையத்தோடு, இரண்டரைக் கிலோ. முடுக்கிவிட்டுக் கையை எடுத்ததும் முன்னால் தொங்கிவிடும். ஃபிலிம் ஹோல்டரைச் செருகும்போது இன்னும் கொஞ்சம் இறங்கும். 300 மி.மீ., எஃப் 4, தலையும் தோளும் மூன்றில் ஒரு பங்கு அளவில் விழுந்தால் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே ஒரு சென்டிமீட்டர்தான். கண்ணில் வைத்த ஃபோகஸ் காதுக்குப் போய்விடும். நீ உன் கண்ணைக் குறை சொல்வாய். கண் நன்றாகத்தான் இருக்கும்.

முன்சட்டத்தில் லென்ஸைப் பொருத்தும் பலகை, அந்த லென்ஸ் போர்டைப் பார்த்துக் கேமரா வாங்கு. லின்ஹாஃப் டெக்னிக்கா போர்டு 96க்கு 99 மி.மீ.; நமக்குத் துளையே 90 வேண்டும், விளிம்பில் திருகு போட இடம் இருக்காது. சினார் போர்டு 140 மி.மீ. சதுரம், அதில் ஃபிளாஞ்ச் தாராளமாக உட்காரும். சினாரிலும் எஃப் மாடல் லேசான வகை, அதை விடு. பி மாடல் அல்லது பழைய நார்மா பார். வாங்கும் முன் இரண்டரைக் கிலோ எடை எதையாவது முன்சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு, பின்பக்கத்து மங்கல் கண்ணாடியில், அந்தக் கிரவுண்ட் கிளாஸில், பிம்பம் இறங்குகிறதா என்று பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிரு. விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பெல்லோஸ், அதாவது நடுவில் நீளும் மடிப்புத் துருத்தி, அதன் கணக்கு உனக்கே தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். மூன்றில் ஒரு பங்குக்கு 300 மி.மீ. லென்ஸ் 400 மி.மீ. நீளம் கேட்கும். சட்டங்கள் நகரும் ரெயில் 45 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். அந்த நீட்டலில் ஒளி 1.8 மடங்கு குறையும், கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப், அதாவது பாதி ஒளி. போர்டுக்குப் பின்னால் பொருத்தும் சினார்-கோப்பால் ஷட்டரின் அதிக வேகம் 1/60 வினாடி. திறந்த நிழலில், 100 ஐ.எஸ்.ஓ. ஃபிலிமுக்கு மீட்டர் 1/250 சொன்னால், பெல்லோஸ் இழப்பைக் கழித்தபின் 1/125க்கும் கொஞ்சம் கூட. ஒளியைப் பாதியாக்கும் ஒரு ஸ்டாப் என்.டி. ஃபில்டர் போட்டால் சரியாகிவிடும். பித்தளைக் குழாய் போர்டுக்குப் பின்னால் எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்துகொள். ஷட்டர் இதழில் இடித்தால் போர்டுக்கு முன்னால் ஒரு மரப்பெட்டி வைத்து லென்ஸைத் தள்ளிப் பொருத்த வேண்டும்.

ஃபோகஸை எப்போதும் பின்சட்டத்தால் பண்ணு. முன்சட்டத்தை ஒரு தரம் பூட்டினால் அதைத் தொடாதே. ட்ரைபாட் கவ்வியை முன்பக்கமாகத் தள்ளி வை, இல்லாவிட்டால் மொத்தமும் குப்புற விழும். குழாய்க்கு அடியில் ஒரு முட்டுக் கொடு. தனியாகத் தூக்காதே. கூடப் பிடிக்க ஆள் இருக்கிறதா என்று நீ எழுதவில்லை.

அண்ணன் வந்து போனான், அதை அப்புறம் எழுதுகிறேன். நீ போன வருஷம் அனுப்பிய படத்தை சித்தி எல்லோருக்கும் காட்டிவிட்டாள். கன்னத்தில் விழுந்த அந்த ஒளியை எனக்கு எடுக்க வந்ததில்லை. அதைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆகிறது, உனக்கு நலம் என்று எழுத ஆனதைப் போல. முன்சட்டத்தைப் பூட்டினாயா என்று இரண்டு தரம் பார்.

இதை ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், அன்று லென்ஸ் விழுந்தது உன்னால் இல்லை. நீ ட்ரைபாட் காலில் இடித்தாய், உண்மைதான். ஆனால் போர்டின் மேல் தாழ்ப்பாளைப் போடாமல் விட்டது நான். திரும்பிப் பார்த்ததுமே அது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தே உன்னைத் திட்டினேன். அதற்கப்புறம் நீ இருட்டறைப் பக்கமே வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

முன் கண்ணாடியின் ஓரத்தில் அரிசியளவு பெயர்ந்திருக்கிறதே, அது அன்றைக்கு வந்தது. படத்தைக் கெடுக்காது. மெல்லிய தூரிகையால் கறுப்பு இந்தியன் இங்க் தொட்டு அந்த இடத்தில் மட்டும் வை, சிதறும் ஒளி அடங்கும். பின்பக்கக் கண்ணாடி இரண்டையும் கழற்றாதே. நடுவில் ஒரு வளையம் இருக்கிறது. எதையாவது தலைகீழாகப் போட்டுவிட்டால் எந்த ஃபோகஸிலும் தெளிவு வராது.

ஃபிளாஞ்ச் தனிப் பார்சலில் வருகிறது. மரை நைஸானது, கோணலாக ஏறினால் கெட்டுவிடும். முதலில் இடப்பக்கமாகத் திருப்பு. 'டக்' என்று மரை இறங்குவது விரலுக்குத் தெரியும், அப்புறம் வலப்பக்கம். ஒருவர் போர்டைப் பிடித்தால் நல்லது. யாரும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. போர்டை இரண்டு தடிப் புத்தகங்களின் மேல் படுக்கவைத்து, லென்ஸை மேலிருந்து நேராக இறக்கு. அப்படிச் செய்தால் ஒருவரே போதும்.

அம்மா