யானைத் தோட்டா பற்றி ஒரு திருத்தம்

ஆசிரியருக்கு வணக்கம். செட்டிநாட்டு வீட்டு முகப்புகளில் மாட்டியிருக்கும் காட்டெருமைத் தலைகள் பற்றிப் போன ஞாயிறு வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் தோட்டா பெரிதாக இருந்தால் போதும், எங்கே பட்டாலும் மிருகம் சாய்ந்துவிடும் என்று எழுதியிருந்தீர்களே, அது மட்டும் சரியில்லை.

நான் பத்து வருஷம் தான்சானியாவில் ஒரு வேட்டை முகாமில் கணக்கெழுதினேன் (நம் ஊர் ஆளுக்கு எங்கே போனாலும் அந்த வேலைதான்). எருமை சுட வருகிறவர்களில் சிலர் 458 தோட்டாவோடு வந்து இறங்குவார்கள் (இந்த எண் குண்டின் குறுக்களவு, 458 என்றால் 0.458 அங்குலம்). அதன் குண்டு 500 கிரெய்ன், அதாவது 32 கிராமுக்கு மேல். முதல் நாள் அட்டையில் குறி பார்க்கும்போது இரண்டு வெடியிலேயே தோள் கன்றிவிடும், மூன்றாவதற்கு விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்த ஆள் மறுநாள் எருமையை வயிற்றில் சுட்டுவிட்டு நிற்பார், அப்புறம் புதருக்குள் நுழைந்து அதைத் தேடுவது வழிகாட்டியின் தலையெழுத்து.

375 கொண்டுவந்தவர்கள்தான் பெரும்பாலும் ஒழுங்காகச் சுட்டார்கள். 1912-இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்ற லண்டன் துப்பாக்கிக் கம்பெனி கொண்டுவந்த தோட்டா அது. 300 கிரெய்ன் குண்டு, உதை தாங்கக்கூடியது. ஆப்பிரிக்காவில் பல நாடுகள் ஆபத்தான மிருகங்களுக்குக் குறைந்தபட்சம் இந்த அளவு வேண்டும் என்றே விதி வைத்திருக்கின்றன. அதிலும் குண்டைப் பார்த்துப் போட வேண்டும். சிங்கத்துக்கு, உள்ளே போய் விரிகிற ஈயமூக்குக் குண்டு. யானை மண்டைக்கு அது ஆகாது, விரியாமல் நேரே துளைத்துப் போகிற கெட்டிக் குண்டுதான். பெல் என்ற வேட்டைக்காரர் வெறும் 7 மில்லிமீட்டர் துப்பாக்கியால் எத்தனையோ யானைகளை வீழ்த்தினார் என்றால், மண்டைக்குள் மூளை எங்கே இருக்கிறது என்று அவருக்கு அத்துப்படி. மற்றவர்கள் அதை முயன்று பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. நீங்கள் படத்தில் போட்ட காலித் தோட்டாவை 450 என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். 1907 வாக்கில் ஆங்கில அரசு அந்த அளவை இந்தியாவுக்குள் வரவிடாமல் தடுத்தது, கலகக்காரர்கள் கையில் இருந்த பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கு அந்தக் குண்டு உதவிவிடும் என்ற பயத்தில். 465, 470 எல்லாம் அதன் பிறகுதான் இங்கே புழக்கத்துக்கு வந்தன. அதை விடுங்கள், படத்தில் தோட்டாவின் அடியில் ஒட்டியாணம் மாதிரி ஒரு பட்டை தெரிகிறது. 450-க்கு அது கிடையாது, வெளியே நீட்டிய விளிம்புதான் இருக்கும்.

சந்தேகத்துக்கு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில் பேனா செருகி வைத்திருந்த அதே மாதிரித் தோட்டாவை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடியில் தெளிவாக 375. கடைக்காரரிடம் காட்டினேன். "இருக்கட்டும் அண்ணே, நானூத்தம்பதுன்னு சொன்னாத்தான் வாங்குறாங்க" என்றார்.

- தேவகோட்டை வாசகர்