பாரபென் அச்சமும் பாதரசக் களிம்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அழகுசாதனப் பொருள்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையில், களிம்புகள் கெடாமல் இருக்கச் சேர்க்கப்படும் பாரபென் புற்றுநோயை உண்டாக்கும் என்பது முடிந்த முடிவாகவே கூறப்பட்டிருந்தது. டர்பனில் நெடுங்காலம் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் அதை மறுக்க விரும்புகிறேன்.

இந்த அச்சம் பரவக் காரணமானது, 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் ஆய்வு. மார்பகக் கட்டிகளின் 20 மாதிரிகளைச் சோதித்துப் பாரபென் இருப்பதைக் கண்ட அந்த ஆய்வாளர்கள், நோயற்ற திசுவோடு அவற்றை ஒப்பிடவில்லை. கட்டிக்குப் பாரபெனே காரணம் என்றும் கூறவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் ஐந்து வகைப் பாரபென்களை விலக்கியது உண்மைதான். ஆனால் அவற்றின் பாதுகாப்பை மதிப்பிடப் போதிய தரவுகள் கிடைக்காததே அதற்குக் காரணம். மெத்தில் பாரபென், எத்தில் பாரபென் ஆகியவற்றை ஒவ்வொன்றும் 0.4 விழுக்காடு வரை சேர்க்க அங்கே இன்றும் அனுமதி உண்டு. மக்களின் பயத்தைக் கண்டு பாரபெனைக் கைவிட்ட நிறுவனங்கள் பல களிம்பு கெடாமல் காக்கும் மெத்தில் ஐசோதயசோலினோன் என்ற வேறொரு பொருளுக்கு மாறியதால் தோல் ஒவ்வாமை பெருகி, கழுவாமல் தோலிலேயே விட்டுவிடும் பூச்சுகளில் அதைச் சேர்ப்பதை 2016இல் தடைசெய்ய வேண்டியதாயிற்று. கெடாமல் காக்க எதுவுமே சேர்க்காமல் வீட்டில் கிண்டிய, நீர் கலந்த களிம்போ, இவ்வூர்ப் புழுக்கத்தில் விரைவிலேயே கிருமிகளுக்கு இடங்கொடுத்துவிடும்.

நாம் அஞ்ச வேண்டியவை வேறு. தோலை வெளுக்கச் செய்யும் ஹைட்ரோகுவினோன் களிம்புகளை ஆண்டுக்கணக்கில் பூசி, வெளுப்பதற்கு மாறாக முகம் நீலங்கலந்த கருமையாகி, அந்தக் கறை எந்த மருந்துக்கும் எளிதில் மசியாமல் துன்பப்பட்ட பெண்கள் தென்னாப்பிரிக்காவில் ஏராளம். 1990இல் அழகுசாதனங்களில் அதற்குத் தடை வந்தது. இருந்தும், உட்பொருள் பட்டியலே இல்லாத வெளுப்புக் களிம்புகள் இன்றும் சந்தைகளில் கைமாறுகின்றன; பெண் பார்க்க வருபவர்கள் நிறத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்தாதவரை வாங்குபவர்களும் இருக்கவே செய்வார்கள். இத்தகைய களிம்புகள் சிலவற்றில் கலந்திருக்கும் பாதரச உப்பு சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு, துண்டு, தலையணை வழியாகக் களிம்பையே தொடாத குழந்தைகளின் உடலிலும் சேர்கிறது. இயற்கையானது எதுவும் தீங்கு செய்யாது என்று எழுதிய கட்டுரையாளருக்கு, பாதரசமும் ஈயமும் மண்ணிலிருந்து கிடைப்பவையே என்பதை நினைவூட்டுகிறேன்.

ஈயம் என்றதும் குங்குமத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்யும் குங்குமத்தில் கேடில்லை. மலிவான செந்தூரப் பொடிகள் சிலவற்றில் நிறத்துக்காக ஈயச் செந்தூரம் கலக்கப்படுவதைச் சோதனைகள் காட்டியுள்ளன; அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் இதுபற்றி எச்சரித்திருக்கிறது. கண்ணால் பார்த்து இதைக் கண்டறிய முடியாது. நெற்றியில் இட்ட விரல் வாய்க்குப் போகும் குழந்தைகளுக்கே ஆபத்து மிகுதி. அவர்களின் மூளை வளர்ச்சிக்குச் சிறிதளவு ஈயமும் கேடுதான்.

எனவே, குங்குமத்தை மொத்தமாக வாங்கும் கோயில் நிர்வாகங்களும் பூசைப்பொருள் கடைக்காரர்களும் ஈயம் பற்றிய ஆய்வுக்கூடச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைத் தங்கள் இதழ் அடுத்த கட்டுரையிலேனும் எழுத வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்