ட்ரெயிலர் இழுப்போர் ஒருமுறை அளவு நாடாவை எடுக்கட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

விக்டோரியா தின நீண்ட வார இறுதி வந்துவிட்டால், ரொறன்ரோவிலிருந்து வடக்கே செல்லும் 400ஆம் நெடுஞ்சாலையில் முகாம் ட்ரெயிலர்களை இழுத்துச் செல்லும் வாகனங்களில் நம்மவர் குடும்பங்களையும் இப்போது காண முடிகிறது. நானும் அவ்வாறு செல்பவன்தான். ட்ரெயிலரை வாகனத்தோடு இணைத்து, அதன் அழுத்தத்தை மற்றச் சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கும் பாரப் பகிர்வு ஹிட்ச்சைப் பணம் கொடுத்து வாங்கிப் பூட்டிய பிறகும், அதைச் சரியாக அமைக்காமலே ஒரு கோடை முழுவதும் ஓட்டியவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ட்ரெயிலரை விற்ற இடத்திலேயே ஹிட்ச்சையும் பூட்டித் தந்தார்கள். அன்று ட்ரெயிலரும் அதன் தண்ணீர்த் தொட்டியும் வெறுமையாக இருந்தன. கில்பேர் பூங்காவுக்குப் புறப்பட்ட நாளிலோ அரிசி மூட்டை, பெரிய சட்டிகள், அடுப்பு, ஐஸ் பெட்டிகள் என எல்லாவற்றையும் முன்பக்க அறையில் அடுக்கியிருந்தோம். பாரி நகரைத் தாண்டியதும் ஸ்டியரிங் பிடிமானமின்றி இலேசாகிவிட்டதை உணர்ந்தேன். இருட்டிய பின், எனக்கு முன்னே சென்றவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கி வழிவிட்டார்கள். கனடியர்களின் பண்பை மெச்சிக்கொண்டிருந்த எனக்கு, என் வாகனத்தின் மூக்கு மேலே தூக்கி முன்விளக்கு அவர்கள் கண்ணில் அடித்தது பின்னர்தான் புரிந்தது.

காரணம் எளிய நெம்புகோல் கணக்குதான். ட்ரெயிலரின் கழுத்து, வாகனத்தின் பின்னே அது மாட்டப்படும் ஹிட்ச் பந்தின் மீது அழுத்தும் நுனிப் பாரம், ட்ரெயிலரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 2,000 கிலோ ட்ரெயிலர் ஒன்று 250 கிலோவை அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். வாகனத்தின் இரு அச்சுகளுக்கும் இடையே 3 மீட்டரும், பின்னச்சுக்கும் பந்துக்கும் இடையே 1.2 மீட்டரும் இருந்தால், பின்னச்சின் பாரம் 350 கிலோ கூடும். முன்னச்சின் பாரம் 100 கிலோ குறையும். வாகனத்தைத் திருப்புவதும், பிரேக் பிடிப்பதில் பெரும் பங்கை ஏற்பதும் அந்த முன்சக்கரங்களே. ஹிட்ச்சிலிருந்து ட்ரெயிலரின் கழுத்தோடு நீளும் ஸ்பிரிங் கம்பிகள் சங்கிலியால் இழுத்துக் கட்டப்படும்போது, முன்னச்சு இழந்த பாரத்தின் ஒரு பகுதி அதற்குத் திரும்பி வருகிறது. இன்னொரு சிறு பகுதி ட்ரெயிலரின் சக்கரங்களுக்குப் போகிறது.

எவ்வளவு திரும்பியது என்பதை அறிய மூன்று அளவுகள் போதும். பயணத்துக்கு ஏற்றுவதைப் போலவே எல்லாவற்றையும் ஏற்றி, வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, முன் மட்காட்டின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்க வேண்டும்: முதலில் ட்ரெயிலரைப் பூட்டாமல், அடுத்துக் கம்பிகளை மாட்டாமல் பூட்டி, கடைசியாகக் கம்பிகளையும் மாட்டி. என் மகள் டோர்ச் பிடிக்க, வீட்டு வாசலில் நான் அளந்தபோது முதல் இரண்டும் 91, 94 சென்டிமீட்டராக இருந்தன. கம்பிகளை மாட்டிய பிறகும் 93.6 இருந்தது. அதாவது, அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய கருவி ஏறக்குறைய அலங்காரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஹிட்ச்சின் தலைப்பகுதியில் வாஷர் ஒன்றைக் கூட்டிச் சற்றே பின்சாய்த்து, சங்கிலியையும் ஒரு கண்ணி ஏற்றி மாட்டியதும் 92.4க்கு இறங்கியது. உயர்ந்ததில் பாதியளவு மீண்டால் போதும் என்கிறது என் வாகனத்தின் கையேடு. இது வாகனத்துக்கு வாகனம் மாறும். சில வாகனங்களில் இத்தகைய ஹிட்ச்சைப் பூட்டவே கூடாது என்றும் எழுதியிருக்கும். கம்பிகளை மாட்டுமுன், பூட்டிய நிலையிலேயே ட்ரெயிலரின் ஜாக்கினால் கழுத்தையும் வாகனத்தின் பின்புறத்தையும் சேர்த்து உயர்த்திக்கொண்டால் கை வலிக்காது. விறைப்பான கம்பி விடுபட்டால் எலும்பை முறித்துவிடும் என்பதால் விலகி நின்றே மாட்ட வேண்டும்.

இறுக்க இறுக்க நல்லது என்று எண்ணுபவர்களும் உண்டு. மூன்றாவது அளவு முதலாவதைவிடக் குறைந்துபோனால் பின்சக்கரங்களின் பிடிமானம் குறைந்து, ஈரச் சாலை வளைவில் வாகனத்தின் பின்புறம் வழுக்கக்கூடும். என் உறவினர் ஒருவரோ, "சாமான்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் முன்னுக்குப் பாரம் இருக்காதே" என்றார். அது இன்னும் மோசம். நுனிப் பாரம் குறைந்த ட்ரெயிலர் வேகமெடுத்ததும் வாலாட்டத் தொடங்கிவிடும். இந்த ஹிட்ச் வாகனத்தின் இழுவைத் திறனைக் கூட்டும் என்பதும் தவறான எண்ணம். வாகனத்தின் அடியில் ஹிட்ச்சைப் பூட்டும் இரும்புச் சட்டத்தின் ஸ்டிக்கரில், இந்த ஹிட்ச் இல்லாமல் ஒன்று, இதோடு பெரிதாக ஒன்று என இரண்டு வகை எண்கள் இருப்பதைக் கண்டு பலர் அப்படி நினைக்கிறார்கள்; அந்தப் பெரிய எண் அச்சட்டத்துக்கு உரியதே தவிர வாகனத்துக்கு உரியதன்று.

ட்ரெயிலர் விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாங்கியவர் தம் பொருட்களை ஏற்றிய பின் ஒருமுறை திரும்பி வரச் சொல்லி, மூன்று அளவுகளையும் எடுத்து ரசீதின் பின்புறத்தில் எழுதிக் கொடுங்கள். எனக்கு அது ஒரு மணி நேர வேலையாகவே இருந்தது. வாஷருக்கும் செலவில்லை, ஹிட்ச் வந்த பெட்டியிலேயே, பிரிக்கப்படாத சிறு பையில் அது இருந்தது.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்