அரிட்டாபட்டிக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ளவர்களே, வணக்கம்.

2025 ஜனவரி 23 அன்று, மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ரத்து செய்வதாக ஒன்றிய அரசு அறிவித்தது. மேலூர்ப் பக்கம் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். அந்த மகிழ்ச்சியில் எல்லோருக்கும் பொதுவாக நன்றி சொன்னோம். ஆனால் இந்த வெற்றிக்குப் பின்னால் இருந்த பலருடைய உழைப்பு மேடையிலும் வராது, செய்தியிலும் வராது. அதனால் யார் என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவைக்க நினைத்தேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டார்கள். அதனால் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

எங்களைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மதுரையில் இயங்கும் சின்னஞ்சிறு சுற்றுச்சூழல் அமைப்பு எங்களுடையது. அரசின் கொள்கை முடிவுகள் தொடர்பான பரப்புரை என் பொறுப்பில் இருக்கிறது. அரசாணை படிப்பது, மனு எழுதுவது, தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி போடுவது, அதிகாரிகளையும் மக்கள் பிரதிநிதிகளையும் பார்த்துப் பேசுவது என்று நாள் ஓடும். டங்ஸ்டன் போராட்டத்தை நடத்தியவர்கள் ஊர் மக்கள். பெரியாற்றுத் தண்ணீரை நம்பி ஒருபோகம் விளைவிக்கும் விவசாயிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும். அவர்கள் கையில் இருக்க வேண்டிய தாள்களை, இருக்க வேண்டிய நேரத்தில் தயார் செய்து கொடுத்தது எங்கள் பங்கு.

முதல் நன்றி, டங்ஸ்டன் என்ற பேச்சே ஊருக்குள் வராத காலத்தில் வேலை செய்தவர்களுக்கு. மேலூரைச் சுற்றி இருந்த குன்றுகளைக் கிரானைட் குவாரிகள் என்ன பாடு படுத்தின என்பதை நேரில் பார்த்தவர்கள் நீங்கள். அரிட்டாபட்டியின் ஏழு குன்றுகளுக்கும் அந்தக் கதி வந்துவிடக் கூடாது என்று அப்போதே எழுந்து நின்றீர்கள். அப்புறம் பறவை ஆர்வலர்கள் வந்தார்கள். தொல்லியல் தெரிந்தவர்கள் அங்குள்ள கழிஞ்சமலையில் சமணர் படுக்கைகளையும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகளையும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்ததற்கு அந்த உழைப்புதான் அடித்தளம். சுமார் 250 வகைப் பறவைகள், அவற்றில் லகுடு வல்லூறு, பைரி, இராசாளி. எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு. 72 கண்மாய்கள், 200 சுனைகள், 3 தடுப்பணைகள் என்று அரசே கணக்குப் போட்டு எழுதி வைத்திருந்தது. 2024 நவம்பர் 7-ல் ஏல முடிவு வந்தபோது நாங்கள் எழுதிய எல்லா மனுவுக்கும் அந்த அறிவிப்புதான் முதுகெலும்பாக இருந்தது. அது மட்டும் இல்லாமல் போயிருந்தால் வெறும் ஆட்சேபணையோடு நின்றிருப்போம்.

அடுத்து, ஓய்வுபெற்ற அந்த நில அளவையர் ஐயா. ஏலக் குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. சுரங்கப் பகுதி 2,015.51 ஹெக்டேர் என்றும், அதன் மூலைகள் இன்ன அட்சரேகை, இன்ன தீர்க்கரேகை என்றும் போட்டிருந்தார்கள். ஊரில் யாருக்கும் அந்த எண்களில் தன் வயல் தெரியாது. ஐயா கிராம வரைபடங்களைத் தரையில் விரித்து, ஓரத்துக்கு ஓரம் பொருத்தி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அதன் மேலேயே மண்டி போட்டு உட்கார்ந்தார். மூலைப் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் குறித்துச் சிவப்புப் பென்சிலால் எல்லையை இழுத்தார். கோடு கண்மாய்க் கரையைத் தாண்டி, புன்செய்க்குள் நுழைந்து, ஒரு கோயில் திடலைச் சுற்றிக்கொண்டு போனது. கூட நின்றவர்கள் குனிந்து தங்கள் சர்வே நம்பரைத் தேட ஆரம்பித்தார்கள். அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி, வல்லாளபட்டி, கிடாரிப்பட்டி, நரசிங்கம்பட்டி, தெற்குத்தெரு என்று ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக விழ விழ, இது ஒரு மலையின் பிரச்சினையாக இருந்தது மாறி ஒரு வட்டாரத்தின் பிரச்சினை ஆனது. பிறகு கூட்டங்களுக்கு எல்லாம் நாங்கள் எடுத்துப்போனது அந்த வரைபடத்தின் நகலைத்தான். ஐயா, காசு வேண்டாம் என்றீர்கள், பெட்ரோலுக்குக்கூட வாங்கவில்லை. உங்கள் முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் ஆசை.

சுனைகளை எங்களுக்குக் காட்டிய அப்பத்தாக்களுக்கும் மதனிமார்களுக்கும் என்ன சொல்வது! 200 சுனை என்று அரசாணையில் ஒரு வரி இருக்கிறது. எது எங்கே இருக்கிறது, எதில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எது எந்தக் கண்மாய்க்கு இறங்கும் என்பது ஆடு மேய்த்தவர்களுக்கும் விறகு பொறுக்கியவர்களுக்கும்தான் தெரியும். பாறையில் ஏற முடியாத ஒரு அப்பத்தா கீழே நின்றபடியே கம்பை நீட்டி நீட்டிச் சொன்னார். ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் எந்தக் கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் எங்கே போகும் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார். கல்லூரிப் பிள்ளைகள் கைபேசியில் இடங்களைக் குறித்துக்கொண்டார்கள். மலை மேல் தோண்டினால் கீழே இருக்கும் பாசனம் என்னவாகும் என்ற எங்கள் குறிப்புக்கு ஆதாரமே அந்தப் பேச்சுதான்.

கிராம சபைத் தீர்மானங்களுக்கு உதவியவர்களையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 23-ல் கிராம சபை கூடுகிறது என்றதும், சட்டக் கல்லூரி மாணவர்களும் ஒரு வழக்கறிஞர் அக்காவும் உட்கார்ந்து மாதிரித் தீர்மானம் எழுதினார்கள். சுரங்கம் வேண்டாம் என்று மட்டும் எழுதினால் மேலே போகும் கோப்பில் அது ஒரு வரியாகச் சுருங்கிவிடும். என்ன காரணம், எந்தச் சட்டம், எந்த நீர்நிலை, எந்தத் தொல்சின்னம் என்று இருக்க வேண்டும். பல்லுயிர்ச் சட்டம் 2002-ன் 37-வது பிரிவில் பாரம்பரியத் தலம் அறிவிக்க உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து பேச வேண்டும் என்றிருக்கிறது. அறிவிக்கும்போது ஊரைக் கேட்பவர்கள் தோண்டும்போதும் ஊரைக் கேட்க வேண்டாமா என்பது அக்கா சேர்த்த வாதம். அதைப் படித்ததும் ஒரு ஊரில் கைதட்டல் அடங்க நேரமானது. இரவோடு இரவாகத் தட்டச்சு செய்து கொடுத்த கணினி மையத் தம்பிக்கும், நகல் எடுத்த காசைக் கணக்கில் எழுதாமல் விட்ட கடைக்காரருக்கும் நன்றி.

இந்த மடலின் நடு இடம் இனிமேல்தான் வருகிறது. டிசம்பர் 9-ல் சட்டமன்றம் ஏலத்தை ரத்து செய்யக் கோரித் தீர்மானம் போட்டது. கட்சி வேறுபாடு இல்லாமல் ஆதரித்த எல்லா உறுப்பினர்களுக்கும் நன்றி. பிறகு டிசம்பர் 24-ல் ஒன்றிய அரசிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. பல்லுயிர்த் தலம் இருக்கும் பகுதியை நீக்கிவிட்டு எல்லையை மறுபடி வரையறுக்க முடியுமா என்று புவியியல் ஆய்வு நிறுவனம் பார்க்கும் என்றார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த நாள்தான் பயம். கொள்கைப் பரப்புரையில் இது அடிக்கடி நடப்பது. எதிர்ப்பு எங்கே பலமாக இருக்கிறதோ அந்தத் துண்டை மட்டும் விட்டுக்கொடுத்தால் மீதிப் பேர் தனித்துப் போவார்கள். மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் பாரம்பரியத் தலம். மீதி 1,800 ஹெக்டேருக்கு மேல் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அரிட்டாபட்டிக்காரர்கள் சரி என்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர்கள் மலை தப்பித்துவிட்டது. ஆனால் அவர்கள் சரி என்று சொல்லவில்லை. பக்கத்து ஊர்களோடு ஒன்றாகக் கூடினார்கள், மொத்தமாக ரத்து செய்யும் வரை எதையும் ஏற்பதில்லை என்று பேசி முடித்தார்கள். கொடுக்கல் வாங்கலும் சம்பந்தமும் சாமியும் ஒன்றாக இருக்கிற ஊர்களை ஒரு கோட்டால் பிரிக்க முடியாது என்று பெரியவர் ஒருவர் எனக்கு விளக்கினார். எத்தனையோ பிரச்சாரங்கள் இந்த இடத்தில் உடைந்து போனதைப் பார்த்தவள் நான். இங்கே உடையவில்லை. இதற்கு நன்றி என்ற சொல் எனக்குப் போதவில்லை, ஆனாலும் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் மக்களே, மனமார்ந்த நன்றி.

ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கில் நடந்தீர்கள். கைப்பிள்ளையோடு நடந்தவர்கள் இருந்தார்கள். கடையடைத்து ஆதரவு தந்த வணிகர்கள், வழியெல்லாம் தண்ணீர் கொடுத்தவர்கள், எல்லோரும் நினைவில் இருக்கிறீர்கள். அதைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள் என்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

பத்திரிகையாளர்களில் சிலருக்குத் தனியாக நன்றி. பரபரப்பு அடங்கிய நாட்களிலும் போன் போட்டு, எண் சரியா, ஊர்ப் பெயர் சரியா என்று கேட்டு எழுதினீர்கள். கோப்பு எந்த மேசையில் நிற்கிறது, மனுவை யாருக்கு எழுதினால் பயன் என்று நேர்மையாக வழி சொன்ன அதிகாரிகளும் உண்டு. விதியை மீறி எதையும் செய்யவில்லை, மரியாதையாகப் பதில் சொன்னார்கள். மக்களுக்கு அதுவே பெரிய உதவி. மாதம் நூறும் இருநூறுமாக அனுப்பி எங்கள் அலுவலக வாடகையைத் தாங்குபவர்களே, அந்த வரைபட நகல்கள் உங்கள் பணத்தில் எடுத்தவை.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2023-ல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டம் 24 முக்கியக் கனிமங்களின் சுரங்க உரிமையை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசிடம் கொடுத்தது. டங்ஸ்டன் அதில் ஒன்று. 2025 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டு, இத்தகைய கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று விலக்கு அளித்துவிட்டது. சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருமுன் ஊர் கூடி வந்து மைக்கில் பேசுவதற்குச் சட்டத்தில் இருந்த இடம் அது. அதைத் திரும்பப் பெற வேண்டும் என்பதும், ஏலக் குறிப்பு அந்தந்த மாநில மொழியில், ஏலத்துக்கு முன்பே ஊராட்சிக்கு வந்து சேர வேண்டும் என்பதும் எங்கள் அடுத்த கோரிக்கைகள்.

கூடவே, அந்த 1,800 ஹெக்டேர் ஊர்களிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை முழுமையாக எழுத விரும்புகிறோம். சுனை, கண்மாய், மரம், பறவை, மூலிகை எல்லாம் ஊராரே சொல்லி ஊராட்சியின் பெயரில் பதிவாக வேண்டும். பறவை அடையாளம் தெரிந்தவர்கள், நில வரைபடம் படிக்கத் தெரிந்தவர்கள், வேகமாகத் தமிழ்த் தட்டச்சு செய்பவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் தேவைப்படுகிறார்கள். அறுவடை முடிந்ததும் நரசிங்கம்பட்டிப் பக்கத்திலிருந்து தொடங்கலாம் என்று ஊரில் சொல்லியிருக்கிறார்கள். நில அளவையர் ஐயா இப்போதே வருவதாகச் சொல்லிவிட்டார். முடிந்தவர்கள் வாருங்கள்.

நன்றியுடனும் அன்புடனும்,
பரப்புரை ஒருங்கிணைப்பாளர்,
மதுரை