'வாங்கலாம்' என்று போடும் முன் ஐந்தொகையைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வணிகப் பக்கத்தில் "இந்த வாரம் வாங்கலாம்" என்று ஐந்து பங்குகளைப் போட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் இன்றைய விலை, டார்கெட் (எட்டும் என்று எதிர்பார்க்கிற விலை), ஸ்டாப் லாஸ் (நட்டம் பெருகாமல் விற்றுவிட வேண்டிய விலை), அப்புறம் விற்பனை கூடியிருக்கிறது, லாபம் கூடியிருக்கிறது என்று இரண்டு வரி. அவ்வளவுதான். அந்தக் கம்பெனிக்குக் கடன் எவ்வளவு, விற்ற சரக்குக்குப் பணம் வந்து சேர்ந்ததா, தணிக்கையாளர் என்ன எழுதியிருக்கிறார் என்பதெல்லாம் எங்கேயும் இல்லை. நான் காரைக்குடியில் ஒரு இரும்பு மொத்தக் கடையில் 31 வருஷம் கணக்கு எழுதியவள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மனசு கேட்காமல் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி மகன் கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலுக்கு வந்தவன், ராத்திரி சாப்பிட்டுவிட்டு வளவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, "அயித்தை, ஒரு பங்கு வாங்கிருக்கேன், பி.இ. பன்னெண்டுதான், ரொம்ப சீப்பு" என்றான். பி.இ. என்றால் பங்கின் விலை, ஒரு பங்குக்கு வரும் வருஷ லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது. நாலு லட்சம் போட்டிருக்கிறான். தங்கச்சி கல்யாணத்துக்கு என்று சேர்த்து வைத்த பணம் அது. ஆண்டறிக்கை பார்த்தியாப்பா என்று கேட்டேன். "அது 240 பக்கம் இருக்கு அயித்தை, அதை யாரு படிப்பா, எல்லாம் ஆப்லயே வந்துரும்" என்றான்.

சரி, அந்த 240 பக்கத்தை இப்போதே திற என்றேன். கம்பெனியின் வெப்சைட்டிலேயே இருந்தது, பங்குச் சந்தைகளின் தளத்திலும் இருக்கிறது, காசு எதுவும் கட்ட வேண்டாம். முன்பக்கத்தில் சேர்மன் படம், காற்றாலைப் படம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் என்று அறுபது பக்கம் போகிறது, அதையெல்லாம் தள்ளிவிட்டு நேரே பணப்புழக்க அறிக்கைக்குப் போகச் சொன்னேன். எல்லோரும் லாப நட்டக் கணக்கில் ஆரம்பிக்கிறார்கள். என் அனுபவத்தில் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது, ஏனென்றால் பில் போட்ட நிமிஷமே அதில் லாபம் வந்துவிடும், பணம் வரவே வேண்டாம்.

புரிவதற்காக எண்களை முழுசாக்கித் தருகிறேன். விற்பனை முந்தின வருஷம் 400 கோடி, அந்த வருஷம் 460 கோடி. நிகர லாபம் 31 கோடியிலிருந்து 38 கோடி. இதை மட்டும் பார்த்தால் யாருக்கும் வாங்கத்தான் தோன்றும். ஆனால் பணப்புழக்க அறிக்கையின் முதல் பகுதியில், தொழில் நடத்தி வந்த ரொக்கம் என்ற இடத்தில், மைனஸ் 11 கோடி. 38 கோடி சம்பாதித்ததாகச் சொல்கிற வருஷத்தில் தொழிலிலிருந்து 11 கோடி வெளியே போயிருக்கிறது. எங்கே போனது என்று தேடினால் ஐந்தொகையில், அதாவது சொத்து, கடன் எல்லாவற்றையும் காட்டுகிற கணக்கில், வரவேண்டிய பாக்கி 100 கோடியிலிருந்து 190 கோடியாக ஏறி நிற்கிறது. விற்பனை ஏறியது 60 கோடி, பாக்கி ஏறியது 90 கோடி! பாக்கியை விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கிப் பார் என்றேன். முந்தின வருஷம் 91 நாளில் வசூலான பணம் இப்போது 151 நாள் ஆகிறது.

இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும், கடையில் நானே பார்த்திருக்கிறேன். எங்களுக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஒரு பெரிய கம்பெனியின் விற்பனை ஆள் மார்ச் 28, 29 தேதி ஆனால் வந்து நிற்பார். "ஆச்சி, இருபது டன் பில் மட்டும் போட்டுக்கிறேன், சரக்கு வேணும்னா எடுங்க, இல்லேன்னா ஏப்ரல்ல ரிட்டர்ன் போட்டுரலாம்" என்பார். எங்கள் முதலாளி ஒரு தடவைகூட சம்மதிக்கவில்லை, சம்மதித்த கடைகள் இந்த ஊரிலேயே இருந்தன. அந்த இருபது டன்னும் அந்தக் கம்பெனியின் வருஷக் கணக்கில் விற்பனையாக, லாபமாக ஏறியிருக்கும். அதைப் பார்த்து எங்கேயோ ஒருவர் பங்கு வாங்கியிருப்பார்.

இதைப் பிடிக்க இப்போது நல்ல வழி ஒன்று இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியவில்லை. 2021 ஏப்ரல் 1 முதல் வரவேண்டிய பாக்கியை வயசு வாரியாகப் பிரித்துக் காட்டச் சட்டமே சொல்கிறது: ஆறு மாசத்துக்குள், ஆறு மாசத்திலிருந்து ஒரு வருஷம், ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, மூன்றுக்கு மேல். கணக்குக் குறிப்புகளில் ஒரு சின்ன அட்டவணையாக இருக்கும். அவன் வாங்கிய கம்பெனியில் 190 கோடியில் 64 கோடி ஒரு வருஷத்துக்கு மேல் பழசு, அதற்கு வாராக்கடன் என்று ஒதுக்கியது வெறும் 2 கோடி. எங்கள் கடையில் ஒரு வருஷம் தாண்டிய பாக்கியை முதலாளி பாதி மதிப்புக்குத்தான் கணக்கில் எடுப்பார். அந்தக் கணக்கில் இங்கே போட்டுப் பார்த்தால் 32 கோடி ஒதுக்க வேண்டும், அந்த வருஷ லாபத்தில் பெரும்பகுதி காலி. லாபமே இப்படி என்றால் அந்த லாபத்தால் வகுத்து வந்த பி.இ. பன்னிரண்டுக்கு என்ன அர்த்தம்?

அதே வருஷம் கடன் 120 கோடியிலிருந்து 185 கோடி. டிவிடெண்டும் (பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் லாபம்) கொடுத்திருக்கிறார்கள். தொழிலில் ரொக்கம் வராத வருஷத்தில் டிவிடெண்ட் எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆசிரியர் அவர்களே, இதெல்லாம் எங்கள் ஊருக்குப் புதிசு இல்லை. என் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக (கடைநிலை உதவியாளாக) போய் அடுத்தாள் (கடை நடத்துகிறவருக்கு அடுத்த ஆள்) வரைக்கும் உயர்ந்தவர். மூன்று வருஷம் ஒரு தவணை, தவணை முடியும்போது ஐந்தொகை எடுத்து முதலாளிக்குக் காட்ட வேண்டும், அதில் ஒரு பை (அந்தக் காலத்துச் சின்னக் காசு) இடித்தாலும் விட மாட்டார்கள் என்று அப்பச்சி, என் அப்பா, சொல்வார்கள். அப்படிக் கணக்கு பார்த்தவர்களுக்கே என்ன நடந்தது? 1930-களில் நெல் விலை விழுந்தது, எங்கள் ஆட்களிடம் கடன் வாங்கிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் (எங்கள் செட்டியார் சமூகம்) வசம் இருந்த விளைநிலம் 1930-ல் 6 சதவீதம், 1938-ல் 25 சதவீதம். நிலம் வேண்டும் என்று போனவர்கள் இல்லை அவர்கள், ரொக்கத்தைக் கொடுத்து ரொக்கத்தை வாங்க நினைத்தவர்கள். ஐந்தொகையில் சொத்து ஏறிக்கொண்டே போனது, பெட்டியில் ரொக்கம் இல்லை. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது போட்டது போட்டபடி வந்தார்கள், 1948-ல் அங்கே நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் வந்தது. இன்றைக்கு முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் அந்தக் காலத்துப் பேரேடுகள் அலங்காரப் பொருளாகக் கிடக்கின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். ஏட்டில் இருக்கிற சொத்து வேறு, கையில் வருகிற பணம் வேறு என்று எங்கள் குடும்பங்கள் அவ்வளவு விலை கொடுத்துத் தெரிந்துகொண்டன, அந்தக் குடும்பத்துப் பிள்ளையே ஐந்தொகையைத் திறக்காமல் நாலு லட்சம் போடுகிறான்.

பணப்புழக்கத்துக்கு அப்புறம் நான் பார்ப்பது தணிக்கையாளர் அறிக்கை. அதில் ஆட்சேபம் சொல்லியிருக்கிறாரா, ஆட்சேபம் இல்லாவிட்டாலும் "இந்தக் குறிப்பைக் கவனியுங்கள்" என்று தனியாக ஒரு பத்தி போட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். தணிக்கையாளர் பாதி வருஷத்தில் விலகிப் போயிருந்தால் நான் அதோடு மூடி வைத்துவிடுவேன். அவன் கம்பெனியில் அந்தத் தனிப் பத்தி இருந்தது. நிர்வாக இயக்குநரின் குடும்பத்துக்குச் சொந்தமான இன்னொரு கம்பெனிக்கு 40 கோடி கைமாற்று கொடுத்திருக்கிறார்கள், அதற்கு வட்டி வரவில்லை. இது தொடர்புடையவர்களோடு நடந்த கொடுக்கல் வாங்கல் என்ற தலைப்பில் பின்னால், பொடி எழுத்தில் இருக்கும். எதிர்பாராப் பொறுப்புகள் என்று இன்னொரு குறிப்பு, வரி வழக்கு, அடுத்த கம்பெனிக்குக் கொடுத்த உத்தரவாதம் எல்லாம் அங்கேதான் இருக்கும். புரொமோட்டர் (கம்பெனியைத் தொடங்கி கையில் வைத்திருப்பவர்) தன் பங்கில் எவ்வளவு அடமானம் வைத்திருக்கிறார் என்பது காலாண்டுதோறும் வருகிற பங்குதாரர் விவரத்தில் தெரியும். துணைக் கம்பெனிகள் இருந்தால் ஒருங்கிணைந்த கணக்கைப் பார்க்க வேண்டும், தாய்க் கம்பெனி கணக்கு சுத்தமாக இருக்கும், கடன் எல்லாம் பிள்ளைக் கம்பெனியில் கிடக்கும்.

கணக்கே பொய்யாக இருந்தால் என்ன செய்வது என்று அவன் கேட்டான். நியாயமான கேள்விதான். சத்யம் என்ற சாஃப்ட்வேர் கம்பெனியில் 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவரே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார், கணக்கில் காட்டிய 5,361 கோடி ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று. 2008 செப்டம்பரில் முடிந்த காலாண்டுக்கு 24 சதவீத லாப விகிதம் காட்டினார்கள், உண்மையில் இருந்தது 3 சதவீதம். அப்படி முழுப் பொய்யை வெளியில் இருக்கிற நம்மால் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது, அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் ஒன்றோடு ஒன்றை ஒட்டிப் பார்க்கலாம். பேங்கில் 1,000 கோடி இருக்கிறது என்கிற கம்பெனிக்கு வட்டி வரவு 10 கோடிதான் என்றால் எங்கேயோ இடிக்கிறது. கை நிறைய ரொக்கம் வைத்துக்கொண்டு அதிக வட்டிக்குக் கடனும் வாங்குகிறது என்றால் இன்னும் இடிக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அரைகுறையாகப் புரிந்துகொண்டு யாரும் ஏமாறக் கூடாது. வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் இந்தப் பணப்புழக்கக் கணக்கு பொருந்தாது. கடன் கொடுப்பதே அவர்கள் தொழில், தொழில் வளர வளர ரொக்கம் வெளியேதான் போகும். அங்கே வாராக்கடன் எத்தனை சதவீதம், மூலதனம் போதுமா என்று பார்க்க வேண்டும். வேகமாக வளர்கிற உற்பத்திக் கம்பெனிக்கும் ஒரு வருஷம் ரொக்கம் மைனஸில் போகலாம், தப்பில்லை. அதனால் ஐந்து வருஷ லாபத்தையும் ஐந்து வருஷ ரொக்கத்தையும் தனித்தனியே கூட்டிப் பார்க்கச் சொன்னேன். அவன் கம்பெனியில் லாபம் 140 கோடி, ரொக்கம் 22 கோடி வந்தது. அதற்கப்புறம் அவன் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த வாரமே விற்றுவிட்டான், பதினெட்டாயிரம் நட்டம். அதற்கப்புறம் அந்தப் பங்கு இரண்டு மாசம் ஏறவும் செய்தது. போன் போட்டு, "பாருங்க அயித்தை, வச்சிருந்தா எண்பதாயிரம் வந்திருக்கும்" என்றான். இருக்கலாம் அப்பா, பங்கு விலை நாளைக்கு எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது என்றேன். ஆனால் இதே கணக்கோடு ஒரு கடைக்காரர் எங்கள் கடைக்கு வந்து அறுபது நாள் கடனுக்குச் சரக்கு கேட்டிருந்தால் நான் முதலாளியிடம் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அந்த மாசம் அவர் சரியாகக் கட்டியிருந்தாலும் அதைத்தான் சொல்வேன். இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றம் இல்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். காலாண்டு முடிவு என்று கம்பெனிகள் உங்கள் பேப்பரில் விளம்பரம் கொடுக்கிறார்கள், அதில் எண்கள் இருந்தாலும் பெரும்பாலும் வருமானம், வரிக்கு முன் லாபம், வரிக்குப் பின் லாபம், ஒரு பங்குக்கு எவ்வளவு என்பதுதான் இருக்கும், ரொக்கம் இருக்காது. பணப்புழக்க அறிக்கை ஆறு மாசத்துக்கு ஒரு முறைதான் கட்டாயம். ஆங்கிலத்தில் 240 பக்கம் படிக்க முடியாதவர்களுக்கு உங்கள் வணிகப் பக்கம்தான் வழி. "வாங்கலாம்" என்று போடுகிற ஒவ்வொரு பங்குக்கும் கீழே ஐந்து வருஷ லாபம், ஐந்து வருஷத் தொழில் ரொக்கம், மொத்தக் கடன், புரொமோட்டர் அடமானம், தணிக்கையாளர் குறிப்பு உண்டா இல்லையா, இந்த ஐந்தையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டு அங்குல இடம் போதும். முடிந்தால் வாரம் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்து, வாங்கு, விற்றுவிடு என்று எதுவும் சொல்லாமல், எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று தமிழில் நிதானமாக விளக்கி எழுதச் சொல்லுங்கள். ராசிபலன் பக்கத்துக்குக் கொடுக்கிற இடத்தில் பாதி கொடுத்தாலும் போதும். எழுத ஆள் இல்லை என்றால் எங்கள் ஊரில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நானும் எழுதித் தருகிறேன், பணம் வேண்டாம்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஒரு வாசகி,
காரைக்குடி.